பேட்டரி விஷயத்தில் அளந்து பேசுவோம்!



எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரம் வந்துவிட்டால் ஊரே திரண்டு வடம் பிடித்து ஆண்டாள் தேரை இழுக்கும். தேர் இழுப்பது புண்ணியம். கார் தள்ளினால் என்ன கிடைக்கும்? முதுகு வலிதான் கிடைக்கும்! அனுபவத்தில் சொல்கிறேன். என் தாய்மாமா ஒரு டீசல் கார் வைத்து டாக்ஸி ஓட்டுகிறார். காலையில் "டேய் மாப்ள, ஒரு கை குடுடா" என்று அவர் குரல் கேட்டால், பல் விளக்கிக்கொண்டிருப்பவன் பிரஷ்ஷோடு ஓட வேண்டும். தெரு முக்கு வரைக்கும் தள்ளினால்தான் வண்டிக்கு உயிர் வரும்.

"பேட்டரி வீக்" என்பார் மாமா. "கம்பெனிக்காரன் இப்பல்லாம் சரியான சரக்கு குடுக்கறதில்ல" என்பார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. "அந்தக் காலத்து அம்பாசிடர்ல ஒரு பேட்டரி போட்டா..." என்று ஆரம்பிப்பார் தாத்தா. ஆளுக்கு ஒரு தீர்ப்பு. அளந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிற நானும் அதில் சேர்த்தி. அந்த வெட்கக்கேட்டை உங்களிடம் சொல்லிவிடத்தான் இந்தக் கட்டுரை.

என் வாயால் போன ஆறாயிரம்

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது மாமாவின் கார் பேட்டரி பதினான்கே மாதத்தில் தகராறு செய்தது. "நீதான் இதைப் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு மாப்ள" என்றார். நான் பானெட்டைத் திறந்தேன். இரண்டு தடவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். "டக்... டக்..." என்றது. பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கி, "பேட்டரி போச்சு மாமா, மாத்திருங்க" என்றேன்.

படிக்கிற பையன் சொல்கிறான் என்று அவரும் நம்பினார். பழையதை எடைக்குக் கொடுத்தது போக ஆறாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் செலவு. காருக்கு மாதத் தவணை கட்டுகிற மனிதருக்கு ஆறாயிரம் என்பது சின்னத் தொகை அல்ல.

புதுப் பேட்டரி வந்ததும் வண்டி சிட்டாகப் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோராவது மாதம் ஒரு நாள் அதிகாலை மூன்றரை மணி. துபாய்க்குத் திரும்புகிற ஒருவரை மதுரை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. அம்மா கண்ணீரோடு திருநீறு பூசியாகிவிட்டது. மாமா சாவியைத் திருப்பினார். "டக்... டக்..." அதே சத்தம்! தெருவே எழுந்து வந்து தள்ளியது. வண்டி எழவில்லை. அவர்கள் அவசர அவசரமாக வேறு காரைக் கூப்பிட்டுப் பெட்டிகளை மாற்றிக்கொண்டு போனார்கள். அவர் விமானத்தைப் பிடித்துவிட்டார். ஆனால் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு மாமாவைச் சவாரிக்குக் கூப்பிடவே இல்லை.

கியாரண்டி இருக்கிறதே என்று பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோனோம். அவர்கள் அதை ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட்டு, டெஸ்ட் செய்து, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வண்டியைப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மாமாவுக்குக் கோபம். "ஏமாத்துறானுங்க மாப்ள" என்றார். நானும் "ஆமா மாமா" என்றேன். பத்து நாளில் மறுபடியும் படுத்துவிட்டது.

மறுநாள் ஒர்க் ஷாப்பில் எங்கள் சாரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை வோல்ட் இருந்தது?"

நான் விழித்தேன்.

"அளக்கவே இல்லையா? அப்ப எதை வச்சுப் பேட்டரி போச்சுன்னு சொன்ன?"

பரீட்சையில் லெட் ஆசிட் பேட்டரிக்குப் படம் போட்டு, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மீட்டர் சொன்ன கதை

அந்த வாரமே கல்லூரி மல்டிமீட்டரை அனுமதி வாங்கி எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, ஓர் இரவு தனியாக வைத்து அளந்தேன். 12.6 வோல்ட். முழுச் சார்ஜில் உள்ள ஆறு செல் பேட்டரி ஓய்வில் காட்ட வேண்டியது 12.6-லிருந்து 12.7 வரை. ஆகக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை!

அடுத்து வண்டியில் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளந்தேன். 13.7 வோல்ட். "சார்ஜ் ஏறுதே!" என்றார் மாமா. சார் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. ஹெட்லைட், ஏ.சி., புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடியும் அளந்தேன். 13.1-க்கு இறங்கிவிட்டது. அதே நேரத்தில் ஆல்டர்னேட்டரின் முனையில் 14.3 இருந்தது. அங்கே புறப்பட்ட 14.3, இங்கே வந்து சேரும்போது 13.1. நடுவில் 1.2 வோல்ட்டைத் தின்றது யார்?

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வருகிற வயரைத் தடவிக்கொண்டே வந்தேன். பெரிய ஃப்யூஸ் மாட்டியிருக்கிற இணைப்பு கையைச் சுட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பாசி பூத்து, நட்டு கறுத்துப்போய் இருந்தது. மாமாவின் ராத்திரிச் சவாரியில் லைட்டும் ஏ.சி.யும் ஓடும்போதெல்லாம் பேட்டரிக்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான் கிடைத்திருக்கிறது.

கதை இத்தோடு முடியவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் அம்மீட்டரைச் சேர்த்தேன். கதவு பூட்டி அரை மணி நேரம் கழித்து மீட்டர் காட்டியது 0.30 ஆம்பியர். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது சாதாரணமாக 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றும் குறையவில்லை. கடைசியில் பார்த்தால், பாட்டுக்காக வெளியில் மாட்டிய ஆம்ப்ளிஃபயர், சாவியோடு சம்பந்தமே இல்லாமல் நேராகப் பேட்டரியில் இருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது! பாட்டு நின்றாலும் அதன் பசி நிற்கவில்லை.

கணக்குப் போடுங்கள் நண்பர்களே. 0.30 ஆம்பியர், 48 மணி நேரம். 14.4 ஆம்பியர் அவர். வண்டி இரண்டு நாள் சும்மா நின்றால் மாமாவின் 65 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலி. ஏற்கெனவே அரை வயிறு. அதிலும் ராத்திரியில் திருட்டு. எந்தப் பேட்டரிதான் தாங்கும்?

இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முனையை மாற்றி, ஆம்ப்ளிஃபயர் வயரைச் சாவியோடு சேர்த்து இணைத்தோம். ஆன செலவு இருநூறு ரூபாய்க்குள். அதே பேட்டரிதான் இன்றைக்கும் ஓடுகிறது. தள்ளுகிற வேலை எங்கள் தெருவில் நின்றுபோயிற்று.

ஆனால் என் மனதில் ஒரு முள் நிற்கிறது. நான் "போச்சு" என்று தீர்ப்புச் சொன்ன அந்த முதல் பேட்டரி உண்மையில் செத்திருந்ததா? எனக்குத் தெரியாது. இனி தெரியவும் வழியில்லை. அது எடைக்குப் போய்விட்டது.

பேட்டரி ஏன் அல்பாயுசில் போகிறது?

பிரான்சு நாட்டு காஸ்டன் பிளாண்டே லெட் ஆசிட் பேட்டரியை உருவாக்கியது 1859-ல். 1912-ல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை கையால் ஹேண்டில் சுற்றிய மனிதனின் வேலையைப் பேட்டரி ஏற்றுக்கொண்டது. 160 வருஷம் தாண்டியும் அடிப்படை மாறவில்லை. ஈயத் தகடு, ஈய டைஆக்சைடு தகடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும்; அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இது பாடப் புத்தகம். பாடப் புத்தகத்திலிருந்து நம்ம ரோட்டுக்கு வருவோம்.

முதல் எதிரி, அரைகுறைச் சார்ஜ். படிந்த சல்பேட்டை உடனே கரைத்துவிட்டால் ஆபத்து இல்லை. நாள்கணக்கில் விட்டுவைத்தால் அது கெட்டிப் படிகமாகி, தகட்டின் துவாரங்களை அடைத்துவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் முழுவதும் கரையாது. இதுதான் சல்பேஷன். "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்று நாம் சொல்கிற நோயின் பெரும்பகுதி இதுதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். செல்ஃப் அடிப்பதால்தான் பேட்டரி காலியாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 150 ஆம்பியர் மூன்று விநாடி இழுத்தாலும் செலவாவது 0.125 ஆம்பியர் அவர்தான். சில நிமிட ஓட்டத்தில் அது திரும்பிவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சுமார் 12 கிலோமீட்டர். இருபது, இருபத்தைந்து நிமிஷப் பயணம். ஏ.சி., லைட், ஹாரன், சிக்னலில் ஐடிலிங். நம்மவர்கள் பலர் இந்த ஓட்டத்தை மட்டுமே ஓட்டிவிட்டு நிறுத்துகிறார்கள். பேட்டரி ஏறக்குறைய 80 சதவீதம் வரைக்கும் வேகமாகச் சார்ஜ் வாங்கும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் நேரம் கேட்கும். எங்கள் ஊரில் பால்கோவா கிண்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பால் சுண்டுகிற வரை ஒரு வேகம், கடைசிப் பதத்துக்குத்தான் பொறுமை வேண்டும் என்பார்கள். பேட்டரிக்கும் அந்தக் கடைசிப் பதம்தான் ஆயுள். குட்டி ஓட்டம் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அது கிடைப்பதே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது திருமங்கலம் வரைக்கும் போய் வந்தால் நல்லது. முடியாவிட்டால் மாதம் ஒரு முறை வெளிச் சார்ஜர் போடலாம்.

இரண்டாவது எதிரி, வெயில். விருதுநகர் மாவட்டத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியே 38 டிகிரி என்றால் பானெட்டுக்குள் அறுபதைத் தாண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரி கூடுதலுக்கும் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கிற பொதுக் கணக்கு. தகட்டின் சட்டம் அரிக்கும், தண்ணீர் ஆவியாகும், தானாகச் சார்ஜ் இறங்குகிற வேகமும் கூடும். குளிர் நாடுகளில் பேட்டரி பனிக்காலக் காலையில் படுப்பதைப் பார்த்து, குளிர்தான் கொன்றது என்பார்கள். உள்காயத்தைக் கோடைக்காலமே செய்திருக்கும். நமக்கு வருஷம் பூராவும் கோடை! எஞ்சின் பக்கத்தில் வெப்பத் தடுப்பு அட்டை இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். நிழல் பார்த்து நிறுத்துங்கள்.

மூன்றாவது எதிரி, அளவுக்கு மீறிய சார்ஜ். அரைப் பட்டினி எப்படிக் கெடுதலோ, அஜீரணமும் அப்படியே. ரெகுலேட்டர் கெட்டு, ஓடும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரி கொதிக்கும். அழுகின முட்டை நாற்றம் வரும். தண்ணீர் சீக்கிரம் குறையும். "தண்ணி ஊத்தி ஊத்திச் சலிச்சுட்டேன்" என்று டிரைவர் சொன்னால், பேட்டரியைத் திட்டுமுன் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

நான்காவது எதிரி, தண்ணீர். மூடி திறக்கிற பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது. அவற்றில் உள்ள உப்பும் உலோகமும் தகட்டைக் கெடுத்து, சார்ஜை உள்ளுக்குள்ளேயே இறக்கிவிடும். "ஆசிட் கொஞ்சம் ஊத்தினா ஸ்டிராங் ஆயிரும்" என்பதும் தப்பு. குறைவது தண்ணீர்தான். அமிலம் சல்பேட்டாகத் தகட்டில் ஒளிந்திருக்கும். மேலும் அமிலம் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் வேண்டுமானால் நல்ல எண் காட்டும். தகடு சீக்கிரம் சாகும்.

ஐந்தாவது எதிரி, ஆட்டம். பேட்டரியைப் பிடித்து நிறுத்துகிற கிளாம்ப் தொலைந்துபோய், அதற்குப் பதில் ட்யூப் ரப்பரோ கயிறோ கட்டியிருப்பதை எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறோம்! குண்டும் குழியுமான ரோட்டில் அது குதிக்கக் குதிக்க, தகட்டில் உள்ள பசை உதிர்ந்து அடியில் வண்டலாகச் சேரும். வண்டல் இரண்டு தகட்டைத் தொட்டால் அந்த செல் ஷார்ட். 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட் பேட்டரி ஆகிவிடும்.

ஆறாவதாக, எதிரி என்றும் சொல்ல முடியாத ஒரு ஏமாற்றுக்காரன். அதுதான் டெர்மினலில் பூக்கிற வெள்ளைப் பூ, தளர்ந்த எர்த். ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாத மாதிரித் தோன்றும். 150 ஆம்பியர் ஓடும்போது அங்கே மட்டும் 1.5 வோல்ட் தொலையும். ஸ்டார்ட்டருக்குப் பலம் போய்ச் சேராது. பேட்டரி திடகாத்திரமாக இருக்கும். பழி மட்டும் அதன் தலையில் விழும். வெந்நீரும் ஒரு பழைய பிரஷ்ஷும் போதும் இந்த வியாதிக்கு.

2020 சொல்லித் தந்த பாடம்

2020 மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு தொடங்கியது நினைவிருக்கும். பிறகு அது மே மாதம் முழுக்க நீண்டது. வண்டியை வெளியே எடுக்கலாம் என்று ஆனபோது எத்தனையோ வீடுகளில் கார் செல்ஃப் எடுக்கவில்லை. ஓடாத வண்டிக்கு என்ன கேடு என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

ஆச்சரியமே வேண்டாம், கணக்கு இருக்கிறது. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் நினைவகம் இவற்றுக்காக நல்ல கார்கூட நிற்கும்போது 0.04 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 0.96 ஆம்பியர் அவர். 21 நாளில் 20 ஆம்பியர் அவர். சின்ன பெட்ரோல் காரில் இருப்பதே 35 ஆம்பியர் அவர் பேட்டரி. முதல் 21 நாளிலேயே பாதிக்கு மேல் காலி! நெகட்டிவ் கேபிளை மட்டும் கழற்றி வைத்திருந்தால், அல்லது பத்து நாளுக்கு ஒரு தடவை சார்ஜர் போட்டிருந்தால், எத்தனையோ பேட்டரிகள் தப்பித்திருக்கும். இதைத் தெருவில் உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்? நம்மைப் போலப் படித்தவர்கள்தானே!

மறுப்புச் சொல்கிறவர்களுக்கு

"அப்படியென்றால் கெட்ட பேட்டரியே கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு. தயாரிப்பிலேயே கோளாறு உள்ளவை வரும். கடை அலமாரியில் பல மாதம் சார்ஜ் இல்லாமல் தூங்கி, விற்கும்போதே பாதி சல்பேட் ஆனவையும் வரும். அதனால்தான் வாங்கும்போது தயாரிப்புத் தேதிக் குறியைப் பார்த்து வாங்க வேண்டும். ஆயுள் முடிந்து இயற்கையாகச் சாவதும் உண்டு. ஆனால் கெட்டதா, கெடுக்கப்பட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்கும் அளக்கத்தான் வேண்டும். கியாரண்டி கேட்டுப் போகிறவர் கையில் நான்கு எண்கள் எழுதிய தாள் இருந்தால், அவர் பேச்சுக்கு எடை கூடும்.

"மெக்கானிக்குக்கு ஏது நேரம்? மாத்திப் போட்டா வண்டி ஓடுது, வாடிக்கையாளர் சந்தோஷமாப் போறார்" என்றும் சொல்வார்கள். அங்கேதான் சூழ்ச்சியே இருக்கிறது! புதுப் பேட்டரி பழைய கோளாறை ஒரு வருஷம் மூடிவைக்கும். ஓட்டை வாளியை மாற்றாமல் புதுத் தண்ணீர் ஊற்றுகிற கதை அது. நானும் அப்படி ஒரு வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டுதானே திரிந்தேன்!

"பேட்டரி மேலே பச்சைக் கண் தெரியுது, அது போதாதா?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கண் ஆறு செல்லில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்து என்ன நிலையில் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று, இரண்டு முனையையும் ஸ்பானரால் உரசிப் பொறி பார்த்து "பவர் இருக்கு" என்று சொல்கிற வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். கண் போனால் எந்தக் கடையில் எக்ஸ்சேஞ்ச் செய்வது?

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் பக்கத்துக்கு வந்த நிலையம் அது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடம். சில மணி நேரப் பயணத்தில் அப்படி ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, நம் தெருவில் இன்னமும் ஸ்பானரால் பொறி பார்க்கிறோம் என்றால், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் டிப்ளமோக்காரர்களாகிய நாம்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

செத்த பேட்டரி எங்கே போகிறது?

ஒரு பேட்டரி சீக்கிரம் செத்தால் நஷ்டம் மாமாவுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். முறையான ஆலைக்குப் போனால் அந்த ஈயம் ஏறக்குறைய முழுவதும் மறுபடியும் பேட்டரியாகும். முறையற்ற கையில் சிக்கினால் ஆசிட் சாக்கடைக்குப் போகும். ஈயம் திறந்த அடுப்பில் உருகும். புகையும் தூசியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் ரத்தத்தில் சேரும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. இதற்காகத்தான் 2001-லேயே பேட்டரிகளுக்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக 2022-ல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புகிற பொறுப்பு அதில் தயாரிப்பாளர்கள்மீது வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பழையதை டீலரிடமே கொடுத்து ரசீது வாங்குங்கள். தெருவில் எடைக்கு வாங்குகிறவரிடம் இருநூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

மூன்று வருஷம் ஓட வேண்டியதை ஒரு வருஷத்தில் தூக்கி எறிந்தால், உருக்க வேண்டிய ஈயமும் மூன்று மடங்காகும். அவசரத்தில் சொல்கிற ஒரு "போச்சு"வுக்கு எவ்வளவு விலை பாருங்கள்!

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் பேரவை ரத்த தான முகாம் நடத்துகிறது, மரம் நடுகிறது. பாராட்டுகிறேன். அதோடு கோடை தொடங்குமுன் ஒரே ஒரு நாள் ஒரு பேட்டரி பரிசோதனை முகாம் நடத்தினால் என்ன? ராஜபாளையம் கார் ஸ்டாண்டில் காலையிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் கார் ஸ்டாண்டில் மாலையிலும். பெரிய செலவு இல்லை. நாலைந்து மல்டிமீட்டர், இரண்டு ஹைட்ரோமீட்டர், கையுறை, கண்ணாடி, பழைய பிரஷ். ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்போம்.

ஒன்று, வண்டி பல மணி நேரம் நின்ற பிறகு ஓய்வு வோல்ட். 12.6 என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஆபத்து. இரண்டு, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட். பத்துக்குக் கீழே சரிந்தால் மேலும் பார்க்க வேண்டும். மூன்று, எல்லா லோடும் போட்டு எஞ்சின் ஓடும்போது வோல்ட். பதின்மூன்றரைக்கு மேல், பதினாலரைக்குள் இருந்தால் நிம்மதி. நான்கு, எல்லாம் அணைத்த பிறகு திருட்டு ஆம்பியர். இதை அளக்கும்போது மட்டும் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் கருகிவிடும்!

ராத்திரிச் சவாரியை முடித்துவிட்டு வருகிற டிரைவர் அண்ணன்கள்தான் முதலில் வரட்டும். ஓய்வு வோல்ட்டுக்காக வண்டி நிற்கிற நேரத்தில் அவர்களோடு ஒரு டீ குடிப்போம். அவர்கள் நமக்குச் சொல்லித் தருகிற விஷயம் பாடத்தில் இல்லாததாக இருக்கும். முகாமில் நாம் எதையும் விற்க மாட்டோம். எந்தக் கம்பெனியையும் சிபாரிசு செய்ய மாட்டோம். எண்ணை எழுதிக் கொடுப்பது மட்டுமே நம் வேலை.

மாமாவிடம் போன மாதம்தான் உண்மையைச் சொன்னேன். "மாமா, அந்த முதல் பேட்டரி ஒருவேளை நல்லாவே இருந்திருக்கலாம். நான்தான் பார்க்காமச் சொல்லிட்டேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி விடு மாப்ள. ஆறாயிரம் ஃபீஸ் கட்டி உன்னைப் படிக்க வச்சதா நினைச்சுக்கறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தண்டனையாகவே இருந்தது.

நண்பர்களே! பெரியவர்கள் நம்மிடம் "அளந்து பேசு" என்பார்கள். மற்றவர்களுக்கு அது வாய்க்குச் சொன்ன புத்திமதி. நமக்கு அது தொழில். நாளைக்கு நம் பெயருக்குப் பின்னால் டிப்ளமோ என்று வரும். அந்த எழுத்தை நம்பி ஒரு டிரைவர், ஒரு ஆட்டோக்காரர், ஒரு மாமா நம் முன்னால் பானெட்டைத் திறந்து நிற்பார். அவர் சட்டைப்பையில் கை வைக்குமுன், நம் பையில் இருக்கிற மீட்டரில் கை வைப்போம்.

அளப்போம்! பிறகு பேசுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு